கழித்தலில் பிறந்த அறிவியல்

இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து நடக்கும்போது கால் கட்டைவிரல் நிலைப்படியில் இடித்துவிடுகிறது. இடித்த மாத்திரத்தில் அது தெரிந்துவிடுகிறது. வலி இன்னும் வரவில்லை. வரப்போகிறது என்று தெரிந்து பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறோம். சற்றுக் கழித்து விண்ணென்று தெறித்துக்கொண்டு அது வந்து சேர்கிறது. இடித்தது ஒரே விரல், ஒரே தடவை. உணர்வு மட்டும் ஏன் இரண்டு தவணையாக வருகிறது?

இதை விசாரிக்கத் தொடங்கினால் இன்னொரு கேள்வி வந்து நிற்கும். உணர்வதற்கும் நினைப்பதற்கும் முடிவெடுப்பதற்கும் நேரம் பிடிக்குமா? பிடித்தால் அதை அளக்க முடியுமா? உளவியல் ஓர் அறிவியலாக ஆன கதை இங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். பாடநூல்கள் 1879-ஆம் ஆண்டைச் சொல்லும். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கிய ஆண்டு அது. அந்த ஆய்வகம் முக்கியமானது, சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் நடக்க வேண்டிய வேலை என்ன என்பது அதற்கு முன்பே தெளிவாகியிருந்தது. தெளிவாக்கியவர்கள் வானியலாளர்கள், உடலியலாளர்கள், ஒரு கண் மருத்துவர். இவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்கிறார், வேலையை இழந்த ஓர் உதவியாளர்.

லண்டனை அடுத்த கிரீனிச் வானாய்வகத்தில் 1790-களில் தலைமை வானியலாளராக இருந்தவர் நெவில் மாஸ்கெலின். அவருடைய உதவியாளர் டேவிட் கின்னெப்ரூக். ஒரு விண்மீன் வடக்கு தெற்காக ஓடும் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறித்துவைப்பது அங்கே அன்றாட வேலை. தொலைநோக்கிக்குள் மெல்லிய கம்பிகள் செங்குத்தாகக் கட்டியிருக்கும். பக்கத்தில் ஊசல் கடிகாரம் நொடிக்கொரு முறை 'டிக்' என்று அடிக்கும். பார்ப்பவர் கண்ணைத் தொலைநோக்கியிலும் காதைக் கடிகாரத்திலும் வைத்து, மனதுக்குள் நொடிகளை எண்ணிக்கொண்டே இருப்பார். விண்மீன் கம்பியை நெருங்கும். ஒரு டிக் கேட்கும்போது அது கம்பிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி இருந்தது, அடுத்த டிக்கில் அந்தப் பக்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்று மனதில் பதித்துக்கொண்டு, கம்பியைத் தாண்டிய நேரத்தை நொடியின் பத்தில் ஒரு பங்கு வரை கணித்து எழுதுவார். அன்றைக்கு இதைவிடத் துல்லியமான முறை கிடையாது.

1795 ஆகஸ்டில் கின்னெப்ரூக் எழுதும் நேரங்கள் தம்முடையதைவிட அரை நொடி பிந்தியிருப்பதை மாஸ்கெலின் கவனித்தார். திருத்திக்கொள்ளச் சொன்னார். திருந்தவில்லை, 1796 ஜனவரியில் வித்தியாசம் 0.8 நொடியாகக் கூடியிருந்தது. பூமி சுழலும் வேகத்தில் 0.8 நொடிக்குள் நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவர் சுமார் 370 மீட்டர் நகர்ந்துவிடுவார். கடலில் கப்பல்களின் இடத்தைக் கணக்கிட கிரீனிச்சின் அட்டவணைகளைத்தான் நம்பியிருந்தார்கள். மற்ற வேலைகளில் ஊக்கமுள்ள, பயனுள்ள உதவியாளர்தான் என்று வருத்தத்தோடு ஒப்புக்கொண்டே மாஸ்கெலின் அவரை வேலையிலிருந்து நீக்கினார். நடந்ததை ஆய்வகத்தின் பதிவுகளில் அச்சிட்டும் வைத்தார்.

அச்சிட்டு வைத்தது நல்லதாகப் போயிற்று. இருபது ஆண்டு கழித்து கிழக்குப் பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஃபிரெடரிக் பெசல் என்ற வானியலாளர் இந்தச் சம்பவத்தைப் பற்றிப் படித்தார். அக்கறையுள்ள ஒருவர், எச்சரித்த பிறகும், முக்கால் நொடி தவறுவாரா? அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மற்ற வானியலாளர்களோடு உட்கார்ந்து ஒரே விண்மீன்களைப் பார்த்து நேரங்களை ஒப்பிட்டார். அவர்கள் அனுபவம் மிக்கவர்கள். அப்படியும் சிலரோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் ஒரு நொடியைத் தாண்டியது! கின்னெப்ரூக் கவனக்குறைவானவராக இருந்ததில்லை. மாஸ்கெலினும் அப்படித்தான். கண்ணும் காதும் ஒரே நேரத்தில் கொண்டுவரும் செய்திகளைச் சேர்த்து முடிவு செய்ய ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு நேரம் பிடித்தது. இந்த வேறுபாட்டுக்கு வானியலாளர்கள் 'தனியாள் சமன்பாடு' என்று பெயர் வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு கழிக்க வேண்டும் என்று திருத்தம் போட்டுக்கொண்டு தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவர்களுக்கு அது ஒரு தொல்லை. மனதைப் பற்றி யோசித்தவர்களுக்கோ பெரிய வாசல் திறந்திருந்தது. ஏனென்றால் அதற்கு முன்பே, 1786-இல், மெய்யியலாளர் இமானுவேல் கான்ட் உளவியல் ஒருநாளும் முறையான இயற்கை அறிவியல் ஆகாது என்று எழுதியிருந்தார். மனதுக்குள் நடப்பவற்றில் கணிதத்துக்கு வேலையில்லை என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கான்ட் வாழ்ந்த ஊரும் கோனிக்ஸ்பெர்க்தான். அவர் மறைந்து இருபது ஆண்டுக்குள் அதே ஊரில் பெசல் மனவேறுபாட்டை நொடிக் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

அடுத்த அடியும் அதே ஊரில்தான் விழுந்தது. நரம்பு வழியாகச் செய்தி எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது 1840-கள் வரை தெரியாது. உடலியலில் அன்றைய பெரும் புள்ளியான யோகன்னஸ் முல்லர், அதை அளக்க வழியே இருக்காது என்று எழுதியிருந்தார். வேகம் மிக அதிகமாக இருக்கலாம், உடலுக்குள் தூரமோ மிகக் குறைவு. எந்தக் கடிகாரம் அந்த இடைவெளியைக் காட்டும்? அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1849-50-இல் தவளையின் கெண்டைக்கால் தசையை நரம்போடு சேர்த்துத் தனியே எடுத்துவைத்தார். தசைக்கு அருகே நரம்பைச் சிறு மின்னோட்டத்தால் தூண்டினார். தசை சுருங்கும் வரை எவ்வளவு நேரம் என்று குறித்தார். பிறகு அதே நரம்பில் சில சென்டிமீட்டர் தள்ளித் தூண்டினார். நேரம் ஒரு துளி கூடியது, நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு.

இங்கே சற்று நிற்க வேண்டும். தூண்டியதற்கும் தசை அசைந்ததற்கும் இடையில் எத்தனையோ காரியங்கள் நடக்கின்றன. நரம்பு விழிக்க வேண்டும், செய்தி ஓட வேண்டும், தசை அதை ஏற்க வேண்டும், இறுக வேண்டும். இவற்றைத் தனித்தனியே ஹெல்ம்ஹோல்ட்ஸால் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு தடவையும் மற்றதெல்லாம் ஒன்றுதான். வேறுபட்டது நரம்பின் நீளம் மட்டும். ஒரு நேரத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் மிஞ்சுவது அந்தக் கூடுதல் நீளத்தைக் கடக்கப் பிடித்த நேரம். செக்கில் நல்லெண்ணெய் வாங்கப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். கடைக்காரர் முதலில் காலித் தூக்கைத் தராசில் வைப்பார், பிறகு எண்ணெய் ஊற்றி மறுபடி வைப்பார். தூக்கில்லாமல் எண்ணெயை மட்டும் தராசில் ஊற்ற யாராலும் முடியாது. ஆனாலும் எண்ணெயின் எடை நமக்குக் கிடைத்துவிடுகிறது.

கிடைத்த விடை நொடிக்குச் சுமார் 27 மீட்டர், அதாவது மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் தந்தைக்கே முதலில் இது ஏற்கவில்லை; எண்ணமும் உடலின் அசைவும் ஒரே சமயத்தில் நிகழ்வதாகவே அவர் கருதிவந்தார். மகனின் அளவு நின்றுவிட்டது. இன்றும் நீரிழிவுக்காரர்களுக்குக் கால் மரத்துப்போகும்போது மருத்துவமனையில் செய்யும் நரம்புக் கடத்தல் சோதனையின் அடிப்படை இதுதான். கையில் என்றால் மணிக்கட்டில் ஒரு முறை, முழங்கையில் ஒரு முறை தூண்டி, இரண்டு நேரங்களையும் கழித்து, நடுவிலுள்ள தூரத்தை அதனால் வகுப்பார்கள். கட்டைவிரல் புதிரும் இங்கே அவிழ்கிறது. தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பிழைகள் தடித்தவை, நொடிக்குப் பல பத்து மீட்டர் ஓடுபவை. பிந்தி வந்து பரவி நிற்கும் அந்த வலியைக் கொண்டுவரும் இழைகள் மிக மெல்லியவை, நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து வருபவை. காலிலிருந்து தண்டுவடம் வரை உள்ள சுமார் ஒரு மீட்டரைக் கடக்கவே அவற்றுக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகிறது.

இதுவரை அளந்தது நரம்பை. மனதை எப்படி அளப்பது? நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் கண் மருத்துவரும் உடலியலாளருமான ஃபிரான்சிஸ்கஸ் தொண்டர்ஸ், ஹெல்ம்ஹோல்ட்ஸ் தூரத்தைக் கூட்டிய இடத்தில் வேலையைக் கூட்டினார். எனக்கு இந்த முழுக் கதையிலும் பிடித்த இடம் இதுதான். அவரும் அவர் மாணவர் தெ யாகரும் 1865-இல் செய்த சோதனையில், ஒருவரின் காலில் லேசான மின்னதிர்ச்சி தருவார்கள். எந்தக் காலில் படுகிறதோ அந்தப் பக்கத்துக் கையால் அவர் பதில் காட்ட வேண்டும். எந்தக் கால் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் ஒரு நேரம். சொல்லாமல் விட்டால் இன்னொரு நேரம். இரண்டுக்கும் வித்தியாசம் நொடியின் பதினைந்தில் ஒரு பங்கு. நரம்பின் நீளம் மாறவில்லை, கையின் அசைவு மாறவில்லை. 'இந்தக் காலா, அந்தக் காலா; அப்படியென்றால் எந்தக் கை' என்ற தீர்மானம் மட்டும் கூடியிருக்கிறது. ஒரு தீர்மானம் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து சொன்ன முதல் மனிதர்கள் அவர்கள்.

1868-இல் வெளியிட்ட கட்டுரையில் தொண்டர்ஸ் இன்னும் ஒரு படி இறங்கினார். பல ஒலிகளில் எது வந்தாலும் அதையே திருப்பிச் சொல்வது ஒரு வேலை. பல ஒலிகள் வரும், ஆனால் குறித்த ஒன்றுக்கு மட்டும் வாய் திறக்க வேண்டும் என்பது இன்னொரு வேலை. முன்னதில் ஒலியை இனங்காணலும் பதிலைத் தேர்ந்தெடுத்தலும் உண்டு. பின்னதில் இனங்காணல் மட்டும். கழித்துக் கழித்து, இனங்காண ஏறக்குறைய 0.04 நொடி, தேர்ந்தெடுக்க ஏறக்குறைய அதே அளவு என்று கணக்குச் சொன்னார்.

வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்கேலை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிடட்டும். கீழ்நுனியில் உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொடாமல் காத்திருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது நீங்கள் பிடிக்க வேண்டும். 20 சென்டிமீட்டர் கோட்டில் பிடித்தால் உங்கள் எதிர்வினை நேரம் சுமார் 0.2 நொடி, முழு ஸ்கேலும் விழ கால் நொடி ஆகும். இப்போது இரண்டு கைக்கும் இரண்டு ஸ்கேல்கள். அவர் ஏதேனும் ஒன்றை மட்டும் விடட்டும். மற்றக் கை மூடக் கூடாது. பெரும்பாலானோருக்கு ஸ்கேல் விரல்களுக்கு நடுவே நழுவித் தரையில் விழும். துணிக்கடையில் வைத்திருக்கும் மீட்டர் கோல் இருந்தால் அளவு பார்க்கலாம். விழுந்த அந்தக் கூடுதல் தூரம், 'எந்தக் கை?' என்று உங்கள் மனம் தீர்மானிக்கும்வரை ஸ்கேல் கடந்த தூரம்.

வுண்ட் இந்த மரபில் நேராக வருகிறவர். ஹைடல்பெர்க்கில் ஹெல்ம்ஹோல்ட்ஸின் உதவியாளராக இருந்தவர். 1861-இல் அவர் வீட்டில் ஒரு கடிகார ஊசலில் மணியைப் பொருத்தி, மணி ஒலிக்கும் கணத்தில் ஊசல் எங்கே தெரிகிறது என்று பார்த்தார். அது உண்மையில் இருந்த இடத்தில் தெரியவில்லை. கண்ணும் காதும் ஒன்றாகச் சேர நொடியின் எட்டில் ஒரு பங்கு தேவைப்பட்டது. கின்னெப்ரூக்கின் வேலையைப் பறித்த அதே இடைவெளியை அவர் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தார். 1874-இல் உடலியல் சார்ந்த உளவியல் பற்றிய பெருநூல், அடுத்த ஆண்டு லைப்சிக்கில் பேராசிரியர் பதவி, 1879-இல் ஆய்வகம். ஏழை மாணவர்களுக்கு உணவு வழங்கிய பழைய கட்டிடம் ஒன்றில் கிடைத்த இடம் அது. அங்கே முனைவர் பட்டத்துக்கு மாணவர் செய்த முதல் ஆய்வே எதிர்வினை நேரம் பற்றியதுதான். சுவிட்சர்லாந்தில் மத்தேயுஸ் ஹிப் செய்த நேரமானி நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காட்டும்; ஆய்வகத்தின் இதயமே அந்தக் கருவி. அங்கிருந்த மாணவர்களில் இன்று ஒருவர் அளப்பவர், நாளை அவரே அளக்கப்படுபவர்.

வுண்ட் நமக்குத் தந்தது கண்டுபிடிப்புகளைவிட அந்த வழக்கம். கருவியும் கணக்கும் கொண்டு, மாணவரைப் பயிற்றி, முடிவுகளைத் தனி இதழில் அச்சிட்டு, வேறு ஊர்க்காரர் சரிபார்க்கும்படி வைப்பது. அங்கே படித்த ஹ்யூகோ மூன்ஸ்டர்பெர்க் பின்னர் ஹார்வர்டுக்குப் போனார். அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா 1916-இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் பரிசோதனை உளவியல் துறைக்குத் தலைமை ஏற்றார்.

லைப்சிக்கில் நடந்த ஆய்வுகளில் அமெரிக்க மாணவர் ஜேம்ஸ் மெக்கீன் கேட்டெல் செய்தவை இன்றும் உயிரோடிருக்கின்றன. ஒரு வண்ணத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லச் சொன்னால் ஆகும் நேரம், அந்த வண்ணத்தின் பெயரை எழுதிக் காட்டி வாசிக்கச் சொன்னால் ஆகும் நேரத்தைவிடக் கூடுதல் என்று அவர் 1886-இல் காட்டினார். வாசிப்பு பழகிப் பழகித் தானாக நடக்கும் காரியமாகிவிட்டது என்பது அவர் தந்த விளக்கம். சந்தேகமிருந்தால் 'சிவப்பு' என்று பச்சை மையிலும் 'நீலம்' என்று சிவப்பு மையிலும் பத்துப் பன்னிரண்டு சொற்களை எழுதி, மையின் வண்ணத்தை மட்டும் சொல்லும்படி பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். நன்றாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை திணறும். இன்னும் எழுத்துப் படிக்காத குழந்தை கடகடவென்று சொல்லிக்கொண்டு போகும்.

ஆனால் புதிய அறிவியல் நேரத்தோடு நிற்கவில்லை. பயிற்சி பெற்றவர்கள் தம் மனதைத் தாமே கவனித்துச் சொல்வதையும் அது சான்றாக எடுத்துக்கொண்டது. இதற்கு அகநோக்கு என்று பெயர். வுண்ட் இதைக் கண்டிப்பான எல்லைக்குள் வைத்திருந்தார். உயர்ந்த சிந்தனையெல்லாம் ஆய்வகத்தில் பிடிபடாது என்று சொல்லி, மொழியையும் புராணத்தையும் வழக்காற்றையும் பற்றித் தனியே பத்துத் தொகுதிகள் எழுதினார். அவருடைய மாணவர்களே எல்லையைத் தாண்டினார்கள். ஊர்ட்ஸ்பெர்க்கில் ஓஸ்வால்ட் கூல்பேயின் குழுவினர், மனக்காட்சி ஏதுமின்றியும் எண்ணம் ஓடுகிறது என்று கண்டார்கள். அமெரிக்காவில் டிட்ச்னரின் குழுவினர், உற்றுப் பார்த்தால் மங்கலாகவாவது ஒரு காட்சி உண்டு என்றார்கள். இரு தரப்பும் பயிற்சி பெற்றவர்கள், இரு தரப்பும் நேர்மையானவர்கள். யார் சொல்வது சரி என்று கேட்க மூன்றாவது ஆள் கிடையாது. கின்னெப்ரூக்கும் மாஸ்கெலினும் முரண்பட்டதைப் பெசலால் மற்ற வானியலாளர்களோடு உட்கார்ந்து அளந்து பார்க்க முடிந்தது. இங்கே அளக்க எதுவும் இல்லை. 1913-இல் உளவியலாளர் ஜான் வாட்சன், அகநோக்கே வேண்டாம், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பார்ப்போம் என்று அறிவித்ததும் அமெரிக்க உளவியல் பெருமளவு அவர் பின்னால் போனது. அது தேவையான சிகிச்சைதான். ஆனால் அளவு மிஞ்சிவிட்டது. மனம் என்ற பேச்சையே பல பத்தாண்டுகள் அது ஆய்வகத்திலிருந்து விரட்டிவைத்தது.

கழித்தல் முறைக்கும் அடி விழுந்தது. அடித்தவர் அதே கூல்பே. தீர்மானிக்கும் வேலையைச் சேர்த்தால் மற்ற வேலைகள் அப்படியே இருக்குமா என்று அவர் 1890-களில் கேட்டார். எந்தக் கால் என்று தெரிந்தவர் தசையை ஏற்கெனவே தயார்செய்து வைத்திருப்பார். தெரியாதவர் அப்படிச் செய்ய முடியாது. எண்ணெயை ஊற்றியதும் தூக்கின் எடையே மாறிவிட்டால் கழித்து வரும் எண்ணுக்கு என்ன பொருள்? நியாயமான கேள்வி. தொண்டர்ஸின் முறை ஏறத்தாழ எழுபது ஆண்டு பரணில் கிடந்ததற்கு இது பெரிய காரணம்.

மீட்டவர் பெல் ஆய்வகத்தின் சால் ஸ்டெர்ன்பெர்க், 1966-இல். சில எண்களைக் காட்டி நினைவில் வைக்கச் சொன்னார். பிறகு ஓர் எண்ணைக் காட்டி, அது பட்டியலில் இருந்ததா என்று கேட்டார். ஒரு வேலையைச் சேர்ப்பதும் நீக்குவதும் இங்கே இல்லை. வேலை ஒன்றுதான், பட்டியல் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை நீள்கிறது. ஒவ்வொரு எண் கூடும்போதும் பதில் நேரம் ஏறக்குறைய 0.038 நொடி கூடிக்கொண்டே போனது, நேர்கோடு பிடித்ததுபோல. ஒவ்வொரு படியும் ஒரே அளவு கூடுவதால் தூக்கு அப்படியே இருக்கிறது என்று நம்ப இடம் கிடைத்தது. 1971-இல் ரோஜர் ஷெப்பர்டும் ஜாக்குலின் மெட்ஸ்லரும், கனசதுரங்களை ஒட்டிச் செய்த உருவங்களின் படங்களை இரண்டிரண்டாகக் காட்டி, இரண்டும் ஒரே உருவமா என்று கேட்டார்கள். ஒன்றைவிட மற்றது எவ்வளவு திரும்பியிருக்கிறதோ அவ்வளவுக்குப் பதில் தாமதமானது, நொடிக்குச் சுமார் 60 பாகை என்ற கணக்கில். மனக்காட்சி உண்டா இல்லையா என்று அகநோக்கால் தீர்க்க முடியாமல் நின்ற சண்டையின் ஒரு மூலையில் கடிகாரம் வெளிச்சம் போட்டது.

இன்று கழித்தல் மூளைப் படங்களுக்குள் வந்திருக்கிறது. செயின்ட் லூயிஸில் பீட்டர்சனும் சகாக்களும் 1988-இல் செய்த ஆய்வில், மூளையின் இரத்த ஓட்டத்தைப் படமெடுத்தார்கள்: ஒரு புள்ளியை மட்டும் பார்த்தபோது, சொல்லைப் பார்த்தபோது, அதை வாய்விட்டுச் சொன்னபோது, அதற்குப் பொருத்தமான வினைச்சொல் ஒன்றைச் சொன்னபோது என்று வேலையைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படத்திலிருந்தும் முந்தைய படத்தைக் கழித்தார்கள். செய்தித்தாளில் நாம் பார்க்கும், ஒரு மூலை மட்டும் சிவந்து ஒளிரும் மூளைப் படங்களில் பலவும் இப்படிக் கழித்து எடுத்த மிச்சம்தான். கழிக்காத மூளை எந்நேரமும் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கிறது. 1996-இல் லண்டனில் கார்ல் ஃபிரிஸ்டனும் சகாக்களும் இந்தப் படங்களை நோக்கிக் கூல்பேயின் பழைய கேள்வியையே எழுப்பினார்கள்: மேலே ஒரு வேலையைச் சேர்த்தால் அடியிலுள்ள வேலை மாறாதா? மாறும் இடங்களைப் பிரித்துக் காட்டும்படி சோதனைகளை அமைக்கும் வழிகளையும் முன்வைத்தார்கள். மூளைப் படம் எடுக்கும் ஆய்வகங்களில் அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.